அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் ஆக்டிவிட்டிகளுக்கு எவ்வளவு மதிப்பு?

மலர்விழி (கேள்வி):
மகள் பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றன. பாடத்துக்கு வெளியே விவாதக் குழு, பரதம், நூலகத்தில் தன்னார்வப் பணி, பள்ளியில் இரண்டு கிளப் என ஐந்து ஆக்டிவிட்டி ஓடிக்கொண்டிருக்கின்றன. காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) ஆக்டிவிட்டிக்குப் பத்து இடம் இருக்கிறது, பத்தையும் நிரப்பாவிட்டால் பெரிய கல்லூரிகள் திரும்பிக்கூடப் பார்க்காது என்கிறார்கள். இன்னும் சேர்க்க வேண்டுமா, இருப்பதே போதுமா?

ராகவன்:
பத்து என்பது உச்சவரம்பு மட்டுமே. ஆறோ ஏழோ எழுதி நிறுத்தினால் யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

முதலில், எந்தக் கல்லூரி இதை எவ்வளவு பார்க்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. அதில் சி7 என்ற அட்டவணையில் பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, ஆக்டிவிட்டி, தன்னார்வப் பணி, வேலை அனுபவம் ஒவ்வொன்றுக்கும் மிக முக்கியம், முக்கியம், கவனிக்கப்படும், கவனிக்கப்படாது என நான்கில் ஒன்றைக் குறித்திருப்பார்கள். அவள் விரும்பும் கல்லூரிகளுக்கு இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மிகக் கடும் போட்டியுள்ள இடங்களில் எப்படி அளக்கிறார்கள் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறையை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு நல்ல சான்று. 2018 விசாரணையில் அவர்களுடைய மதிப்பீட்டு முறையே வெளியே வந்தது. படிப்பு, ஆக்டிவிட்டி, விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியாக எண் போடுகிறார்கள்; 1 தான் சிறந்தது. ஆக்டிவிட்டியில் 1 என்றால் தேசிய அளவிலான சாதனை. பள்ளிப் பத்திரிகை ஆசிரியர், மாணவர் தலைவர் போன்ற வலுவான பங்களிப்புக்கு 2. நன்றாகக் கலந்துகொண்டாள், ஆனால் தனித்துத் தெரியவில்லை என்றால் 3. கிளப் எண்ணிக்கையைக் கூட்டுவதால் 3 ஒருபோதும் 2 ஆகாது. ஒன்றிரண்டில் ஆழமாகப் போனால்தான் ஆகும்.

இதெல்லாம் பாடங்களும் மதிப்பெண்ணும் தேறிய பிறகுதான். அங்கே விழுந்த ஓட்டையை எந்தக் கிளப்பும் அடைக்காது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதால் வகுப்பில் கடினமான பாடம் ஒன்றைக் கைவிட நேரும் என்றால், சேர்க்காதீர்கள்.

தேன்மொழி:
ராகவன் சார் சொன்னதோடு, எழுதும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேதான்.

காமன் ஆப்பில் ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் பொறுப்பை எழுத 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150. இடைவெளியும் கணக்கில் சேரும். பொறுப்பில் சொன்னதையே விவரத்தில் திரும்பச் சொன்னால் அந்த 150 வீண். ‘நூலகத்தில் குழந்தைகளுக்கு உதவினேன்’ என்பதில் ஒன்றுமில்லை. ‘சனிதோறும் வாசிப்பு வகுப்பு, 6–8 வயதினர் 12 பேர், பாடத்திட்டம் நானே தயாரித்தது’ என்றால் வாசிப்பவருக்குப் படம் தெரியும். முழு வாக்கியம் தேவையில்லை. பரதத்தில் அரங்கேற்றம் செய்திருந்தால், அந்தச் சொல்லை மட்டும் போட்டுவிடாதீர்கள். தனி ஆளாக எத்தனை மணி நேரம், எத்தனை உருப்படி, எத்தனை ஆண்டுப் பயிற்சி என்று எழுதுங்கள்.

வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பள்ளி நடக்கும் வாரத்தில் 50, 60 மணி வந்தால் மற்ற விவரங்கள் மீதும் சந்தேகம் விழும். கோடையில் மட்டும் செய்ததற்கு 8 வாரம் என்றே போடுங்கள், 52 அல்ல. வரிசையும் முக்கியம்: எது அவளுக்கு மிகப் பெரியதோ அது முதலில்.

அப்துல் காதர்:
கலிபோர்னியா பல்கலைக்கழக (யூசி) விண்ணப்பம் வேறு. அங்கே விருது, வேலை, தன்னார்வம், ஆக்டிவிட்டி எல்லாம் சேர்த்து 20 வரை, விவரத்துக்கு 350 எழுத்து. சில விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்து ஆதாரமும் கேட்பார்கள். பதில் தராவிட்டால் விண்ணப்பமே ரத்தாகலாம். எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் சொந்தப் படிவத்தில் முக்கியமான நான்கை மட்டுமே கேட்கிறது. பத்துக்காக ஓடிய பிள்ளைக்கு அங்கே ஆறு வீண்.

சம்பள வேலையும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும், தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்த்து உதவுவதும் ஆக்டிவிட்டிதான். காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்று தனி வகையே உண்டு. நம்மவர்கள் இதை எழுத வெட்கப்படுகிறார்கள், வெட்கப்பட வேண்டியதே இல்லை. அதே சமயம், பணம் கட்டினால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் கோடைக்கால முகாம்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் பெரிய எடை கிடையாது.

மலர்விழி:
நன்றி. கிளப் இரண்டையும் இப்போது விட்டால், பாதியில் விட்டவள் என்று தெரியாதா?

ராகவன்:
தெரியும், அதனால் பாதகமில்லை. 9, 10, 11, 12 என எந்த வகுப்பில் செய்தாள் என்று குறிக்கப் பெட்டிகள் உண்டு. ஒன்றிரண்டு பத்தாவதோடு நிற்பது சாதாரணம். கடைசி வரிகளில் வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். எல்லாமே பதினொன்றில் திடீரென்று தொடங்கியிருந்தால்தான் விண்ணப்பத்துக்காகச் செய்தது போலத் தெரியும். எதை விடுவது என்று அவளிடமே கேளுங்கள்; யாரும் வற்புறுத்தாமல் எதற்குப் போகிறாளோ அதை வைத்துக்கொள்ளட்டும்.

தேன்மொழி:
இன்றே ஒரு தாள் தொடங்குங்கள் மலர்விழி: தேதி, மணி, செய்த வேலை, எத்தனை பேருக்கு, பொறுப்பாளர் பெயர். காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். அப்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய மணிக்கணக்கை நினைவிலிருந்து எடுப்பது கடினம். அதே தாளைப் பள்ளி கவுன்சிலரிடமும் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) கொடுத்தால், அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் இந்த விவரங்கள் வரும்.