டிம்மில் போனாலும் எதிரே வருபவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள், எதைச் சரிசெய்வது?

கேள்வி:
இரவில் பைக்கை டிம்மில்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் எதிரே வரும் வண்டிகளில் பாதி எனக்கு லைட் அடித்துக் காட்டிவிட்டுப் போகின்றன. மனைவி பின்னால் உட்கார்ந்தால் இன்னும் மோசம், வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு மரக்கிளையில் விழுகிறது. இரண்டு வாரம் முன்பு பல்பு ஃபியூஸ் போய் நானே மாற்றினேன், சாதாரண எச்4 (டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றிலேயே இருக்கும் ஹாலோஜன் பல்பு) தான். ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ இருக்கிறதே, அதைத் திருகினால் போதுமா?

பதில் 1:
திருகலாம், ஆனால் அளந்து பார்க்காமல் திருகாதீர்கள். முதலில் இரண்டு டயரிலும் காற்று சரியா பாருங்கள். சமதரையில், சுவரிலிருந்து ஹெட்லைட் 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி வண்டியை நேராக நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடக் கூடாது, நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், இன்னொருவர் அளக்கட்டும். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும்.

பதில் 2:
இதற்கெல்லாம் டேப் பிடித்துக்கொண்டு நிற்பார்களா? எல்இடி பல்பு ஒன்று வாங்கி மாட்டுங்கள், பகல் மாதிரி இருக்கும்.

பதில் 1:
யாருக்குப் பகல்? ஹாலோஜன் இழை எந்த இடத்தில் இருக்குமோ அதை வைத்துத்தான் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரை வடிவமைத்திருக்கிறார்கள். எல்இடியில் ஒளி வரும் இடம் கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். கேட்டவருக்கு இருக்கிற தொல்லையே அதுதானே!

கேட்டவர்:
அளந்தேன். ஹெட்லைட் உயரம் 92 செ.மீ. ஆனால் நீங்கள் சொன்ன மேல் விளிம்பு எங்கே என்றே தெரியவில்லை. சுவரில் பால் கொட்டினது மாதிரி ஒரு திட்டு, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பதில் 3:
அப்படியென்றால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், பல்பைக் கழற்றிப் பாருங்கள். எச்4 பல்பின் வளையத்தில் மூன்று காது இருக்கும், அதில் ஒன்று மட்டும் அகலம், அது மேலே வர வேண்டும். டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு தெரியும், கீழே போகிற ஒளியை மறைத்து அந்த விளிம்பை உண்டாக்குவது அதுதான். பல்பு திரும்பி உட்கார்ந்தால் தகடும் திரும்பிவிடும். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

கேட்டவர்:
அதேதான்! அகலக் காது அதன் பள்ளத்தில் உட்காரவே இல்லை, நான்தான் கிளிப்பை அழுத்தி மாட்டியிருக்கிறேன். இப்போது கோடு கிழித்த மாதிரி விளிம்பு தெரிகிறது. நான் மட்டும் உட்கார்ந்தால் 6 செ.மீ. கீழே. மனைவியும் உட்கார்ந்தால் கோட்டுக்கு 4 செ.மீ. மேலே போய்விடுகிறது. இருவர் போவதற்கு ஏற்ற மாதிரி வைத்துவிட்டால் தனியாகப் போகும்போது சிக்கலா?

பதில் 1:
கணக்குப் பாருங்கள். இருவரோடு 5 செ.மீ. கீழே வைத்தால் தனியாக 15 செ.மீ. கீழே வரும். 5 மீட்டருக்கு 15 செ.மீ. இறங்கும் வெளிச்சம் 92 செ.மீ. இறங்கித் தரையைத் தொட சுமார் 30 மீட்டர்தான். 60 கி.மீ. வேகத்தில் அது இரண்டு நொடிகூட இல்லை. 6 செ.மீ. என்றால் 75 மீட்டர் தாண்டியும் தெரியும். ஆளைப் பொறுத்து மாற்றுவதுதான் நல்லது. பின் ஷாக்கில் பிரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைப்பது) படி இருந்தால் இருவர் போகும்போது அதைக் கூட்டுங்கள், பின்பக்கம் அமுங்குவது குறையும். அதிலும் தீராத மிச்சத்தை ஸ்க்ரூவில் பாருங்கள், எந்தப் பக்கம் திருகினால் இறங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சுவரைப் பார்த்தபடியே கால் சுற்றாகத் திருப்புங்கள்.

கேட்டவர்:
பிரீலோட் இரண்டு படி கூட்டி, ஸ்க்ரூவில் ஒன்றரைச் சுற்று. இருவரோடு 5 செ.மீ. கீழே வந்துவிட்டது. எண்ணிக்கையை சீட்டுக்கு அடியில் எழுதி ஒட்டி, ஸ்க்ரூடிரைவரையும் அங்கேயே போட்டுவிட்டேன். நேற்று இரவு இருவரும் போய்வந்தோம், ஒரே ஒரு லாரி மட்டும் லைட் அடித்தது. குனிந்து பார்த்தால் நான் பிரைட்டில் போய்க்கொண்டிருந்தேன்.