பட்டினியும் அடியும் பட்டு வந்த நாய்: முதல் இரண்டு கிழமை எப்படிப் பார்ப்பது?

உப்புவெளிக்காரன்:
மீட்ட நாய்களை வைத்துப் பார்க்கிற ஒரு இடத்துக்குக் கிழமைக்கு இரண்டு நாள் உதவிக்குப் போகிறேன். புதிதாக ஒரு பெட்டை நாய் வந்திருக்கு. கம்பியால் கட்டிப் போட்டிருந்த நாய். 12 கிலோ, விலா எலும்பை எண்ணலாம். கழுத்தைச் சுற்றிப் புண். தும்புத்தடியைத் தூக்கினாலே மூலைக்குள் ஒடுங்கி மூத்திரம் போகிறது. வயிறு நிறையச் சோறு போடு என்கிறார் ஒருவர், புண்ணுக்குக் கழிவு ஒயில் பூசு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்ய, எதை விட?

கன்னியாவாசி:
சோற்றை முதலில் நிறுத்துங்கோ. கன நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று மாச்சத்து போனால் இன்சுலின் ஏறும். அது இரத்தத்தில் மிஞ்சியிருக்கிற பொஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் கலங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். நாய் நன்றாகச் சாப்பிட்டு இரண்டாம், மூன்றாம் நாள் தள்ளாடி விழுவது இதனால்தான். பார்க்கிறவர்கள் 'என்னவோ நஞ்சு தின்றிட்டுது' என்பார்கள்.

ஒரு நாளைக்கு வேண்டிய கலோரிக் கணக்கு இப்படி: இப்போதைய எடையை 30 ஆல் பெருக்கி 70 கூட்டுங்கோ. 12 கிலோவுக்கு 430 கலோரி. கொழுத்தால் என்ன எடை வரும் என்று பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. முதல் நாள் அதில் கால் பங்கு, அடுத்த நாள் அரை, மூன்றாம் நாள் முக்கால், நாலாம் நாள் முழுவதும். எழும்பவே ஏலாத நாய் என்றால் இதே படிகளை ஒரு கிழமைக்கு மேல் இழுக்க வேணும்.

முதல் நாள்: அவித்த முட்டை ஒன்று (75 கலோரி அளவு), தோல் நீக்கி அவித்த கோழி 20 கிராம். இதை ஆறு நேரமாகப் பிரியுங்கோ. இரண்டாம் நாள் முட்டை இரண்டு, கோழி 40 கிராம். மூன்றாம் நாள் முட்டை இரண்டு, கோழி 65 கிராம், குழையவிட்ட சோறு ஒரு கைப்பிடி. அதற்குப் பிறகுதான் நாலு நேரமாகக் குறைக்கலாம். உப்பு, வெங்காயம், கறிக்குழம்பு வேண்டாம். அவித்த கோழி எலும்பு கூரான சிம்புகளாக உடையும், அதுவும் வேண்டாம்.

சாப்பாடு தொடங்க முதலே விற்றமின் பி1 ஊசி போடலாமா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கோ. நடுக்கம், பின்கால் தள்ளாட்டம், வேகமான மூச்சு, கறுத்த மூத்திரம், இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே கொண்டுபோக வேணும். குடற்பூச்சி மருந்தை நீங்களாக முதல் நாளே கொடுக்காதீர்கள், அதன் நாளையும் அவரே சொல்லட்டும்.

உப்புவெளிக்காரன்:
நன்றி. தினமும் கோழி வாங்கக் கட்டாது. சூடை மீன் மலிவாகக் கிடைக்குது, கொடுக்கலாமா?

கன்னியாவாசி:
தாராளமாக. ஆனால் அவித்து, நடுமுள் எடுத்துத்தான். சூடை, நெத்தலி வகை மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 ஐ அழிக்கிற நொதியம் உண்டு, அவித்தால் அது போய்விடும். பி1 ஏற்கெனவே வற்றிப்போன நாய்க்குப் பச்சை மீன் போட்டால் ஊசி போட்டதும் வீண். கருவாடு வேண்டாம், உப்பு.

ஓர்ஸ்ஹில்_மாமா:
தம்பி, புண்ணைப் பற்றி. கம்பி தசைக்குள் இறங்கியிருந்தால் நீங்கள் இழுக்கவே கூடாது, மயக்கம் கொடுத்து வைத்தியர்தான் எடுக்க வேணும். எடுத்த கம்பியை எறியாமல் ஒரு பையில் போட்டு, திகதி தெரியப் படமும் எடுத்து வையுங்கோ. பொலிஸ் முறைப்பாட்டுக்கு உதவும். இலங்கையின் 1907 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் தண்டப்பணம் 100 ரூபா என்றுதான் எழுதினார்கள், சிரிக்கத்தான் வரும். என்றாலும் முறைப்பாடு பதிவில் இருந்தால் சொந்தக்காரன் நாயைத் திருப்பிக் கேட்டு வரும்போது கையில் ஒரு கடுதாசி இருக்கும்.

கழுவ: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர், உப்பு 9 கிராம் (மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி). ஊசியில்லாத சிரிஞ்சால் பீச்சிக் கழுவி, பொவிடோன் அயடீனை வெளிறின பிளேன்டீ நிறத்துக்குக் கரைத்து ஒற்றுங்கோ. காலையும் மாலையும். புழு கண்டால் வைத்தியரிடம். கழிவு ஒயில், மண்ணெண்ணெய், டெட்டோல் எதுவும் கிட்டவும் வரக்கூடாது. ஒயில் தோலால் ஊறும், நாய் நக்கினால் வயிற்றுக்கும் போகும். சொறியும் அதனால் மாறாது, சொறிக்கு வைத்தியர் தரும் மருந்து இருக்கு. நோவுக்கு நம்முடைய மாத்திரை கொடுக்கிற பழக்கத்தையும் விடுங்கோ, இபுபுரோபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கச்சான்காற்று:
முதல் 14 நாள் மற்ற நாய்களோடு விடாதீர்கள். கூட்டை முதலில் சவர்க்காரம் போட்டு அலசி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவேணும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது, நாய்களுக்குக் கடும் வாந்தி, வயிற்றோட்டம் கொண்டுவருகிற பார்வோ கிருமி அப்படியே இருக்கும். இந்தப் பக்கம் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரை நெருப்பு, மேலே கிடுகு போட்டு இரண்டு சட்டியில் தண்ணீர் வையுங்கோ. மாரியில் எலிமூத்திரத் தண்ணீர், எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும். பூட்ஸ் இல்லாமல் கூடு கழுவ வேண்டாம்.

நாய்க்கு முன்னால் உங்களுக்கு ஊசி: விசர்நாய் நோய்க்கு முற்காப்பாக ஒன்று, அது போட்டு ஏழு நாள் கழித்து இன்னொன்று. போட்டிருந்தாலும் கடி பட்டால், அல்லது நகக் கீறலில் எச்சில் பட்டால், சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. சுண்ணாம்பு தடவக்கூடாது. குட்டி நாய் கடித்தாலும் இதே கதைதான்.

நிலாவெளி_அக்கா:
தும்புத்தடி விசயத்துக்கு ஒருவரும் வரவில்லையே. கூட்டுவதற்கு முன் நாயைச் சாப்பாடு காட்டிப் பக்கத்துக் கூட்டுக்கு மாற்றிவிட்டுக் கூட்டுங்கோ, முன்னால் நின்று கூட்ட வேண்டாம். பழக்குவதற்குத் தனி நேரம்: தடியை நிலத்தில் படுக்கப் போட்டு, மூன்று மீற்றர் தள்ளிச் சாப்பாட்டை வையுங்கோ. சாப்பிட்டால் அடுத்த நாள் ஒரு முழம் கிட்ட. சாப்பிடுவதை நிறுத்தினால், உதட்டை நக்கினால், கண் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள், முந்தின இடத்துக்கே திரும்புங்கோ. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கையில் தடி எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

நீங்கள் பக்கவாட்டாகக் குந்தியிருங்கோ, தலைக்கு மேலே கை நீட்டாதீர்கள். உறுமினால் அதட்ட வேண்டாம். உறுமலுக்கு அடி வாங்கின நாய் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். தொண்டர் வேலையில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், ஏழு பேர் ஏழு விதமாகப் பழகினால் நாய்க்கு ஒன்றும் பிடிபடாது. முதல் இரண்டு கிழமை ஒரே இரண்டு பேர்தான் அதன் கூட்டுக்குள் போக வேணும், வாசலில் ஒரு கொப்பி தொங்கவிட்டு என்ன தின்றது, எத்தனை முழம் கிட்ட வந்தது என்று எழுதுங்கோ.

உப்புவெளிக்காரன்:
கழுத்தில் புண் இருக்க, வைத்தியரிடம் எப்படிக் கட்டிக் கொண்டுபோவது அக்கா?

நிலாவெளி_அக்கா:
கழுத்துப்பட்டி வேண்டாம். நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிப் பிடிக்கிற இரண்டு வார் உள்ள பட்டி, அதோடு தனியாக இரண்டாவது கயிறு ஒன்று. பயந்த நாய் பின்பக்கமாக இழுத்துத்தான் கழன்று ஓடும், அதனால் வெளிவாசலைச் சாத்தின பிறகே கூட்டைத் திறவுங்கோ. முச்சக்கர வண்டியில் என்றால் இரண்டு பக்கமும் ஆள் இருக்க வேணும், மேலே ஒரு பழைய சாரத்தைப் போட்டு மூடிவிடுங்கோ.