90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் விதி இன்னும் தேவையா?

நளினா:
எங்கள் அலுவலகத்தில் 90 நாள் ஆனதும் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கட்டாயம். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இங்கே பெரும்பாலோர் பழைய பாஸ்வேர்டின் கடைசியில் உள்ள 4-ஐ 5 ஆக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விதியே அப்படிப் பழக்கிவிட்டது. இதை எடுத்துவிடச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

தணிகை:
எனக்கு இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக நெட்வொர்க் அட்மின் வேலை பார்க்கிறேன். பாஸ்வேர்டு திருடு போனதே பல நேரம் தெரியாது. லிங்க்ட்இன் தளத்தில் திருட்டு நடந்தது 2012-இல். 11.7 கோடிக் கணக்குகளின் விவரம் விற்பனைக்கு வந்தது 2016-இல். அந்த நான்கு வருடமும் ஒருவர் அதே பாஸ்வேர்டை வைத்திருந்தால் என்ன ஆகும்? இடையில் மாற்றியிருந்தால் திருடன் கையில் இருப்பது செல்லாக்காசு.

நளினா:
செல்லாக்காசு ஆவதில்லை என்பதுதான் என் வாதமே. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கட்டாயமாக மாற்ற வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணக்குகளை ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய பாஸ்வேர்டு தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்து முயற்சிக்குள் ஊகிக்க முடிந்தது. தவறான முயற்சிகளால் கணக்கு பூட்டிக்கொள்வதற்கு முன்பே உள்ளே போய்விடலாம்.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பிறகு இந்தப் பழக்கம் பெரிதும் பரவியது. அதை எழுதிய பில் பர் 2017-இல், அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டில் நிஸ்ட்டும், கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று திருத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் விண்டோஸுக்கான பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. நாம் மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

மாலதி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஒரே பாஸ்வேர்டை பல இடத்தில் வைப்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை. டிராப்பாக்ஸ் என்ற கோப்புச் சேமிப்புத் தளத்தில் 2012-இல் நடந்த திருட்டும் அதனால்தான். ஊழியர் ஒருவர் வேறு தளத்தில் வைத்திருந்த அதே பாஸ்வேர்டை அலுவலகக் கணக்குக்கும் வைத்திருந்தார். எனக்கும் அப்படி நடந்தது. எப்போதோ பதிவு செய்து மறந்துபோன ஒரு தளத்திலிருந்து கசிந்ததை வைத்து என் மின்னஞ்சலுக்குள் புகுந்துவிட்டார்கள். மின்னஞ்சல் கையை விட்டுப் போனால் மற்ற எல்லாக் கணக்கையும் அங்கிருந்தே மாற்றிவிடலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருக்கிறேன், எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும் செயலி அது. அதைத் திறக்கும், தொடர்பில்லாத ஐந்து சொற்கள் சேர்ந்த ஒரு நீளமான முதன்மைப் பாஸ்வேர்டு மட்டும்தான் என் நினைவில்.

தணிகை:
எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் கோர்க்கிறீர்கள். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரில் பயனர்கள் சேமித்து வைத்த பெட்டகங்களின் பிரதிகள் திருடு போனதே?

மாலதி:
போனது. ஆனால் அதில் இருந்த பாஸ்வேர்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டவை. முதன்மைப் பாஸ்வேர்டு சின்னதாக இருந்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. அறுபது கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தணிகை:
சரி, ஏற்கிறேன். நளினா, உங்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும். 2021-இல் கொலோனியல் பைப்லைன் என்ற அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனம், இணையத் தாக்குதலால் சில நாள் விநியோகத்தையே நிறுத்தியது. யாரும் பயன்படுத்தாத, ஆனால் மூடப்படாத ஒரு விபிஎன் கணக்கு (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) வழியாகத் திருடர்கள் உள்ளே வந்தார்கள். அதன் பாஸ்வேர்டு கசிந்த பட்டியலில் இருந்தது. காலாவதி விதி இருந்திருந்தால் அந்தக் கதவு தானாக மூடியிருக்குமே?

நளினா:
பல அமைப்புகளில் காலாவதியானதும் வரும் பக்கம் என்ன கேட்கிறது? பழைய பாஸ்வேர்டைப் போடு, புதியதை வை என்றுதானே? அந்தப் பழையது திருடனிடம் இருக்கிறது. அவனே புதியதை வைத்துக்கொண்டு உள்ளே போவான். அந்தக் கணக்கில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபி போன்ற இன்னொரு சோதனை, இல்லை. ஆள் பயன்படுத்துவதை நிறுத்திய அன்றே கணக்கையும் மூடவில்லை. ஓட்டை அங்கேதான் இருந்தது.

தணிகை:
இரவெல்லாம் இதையே யோசித்தேன். காலையில் எங்கள் விபிஎன்னில் சோதித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே நடந்தது, காலாவதியான கணக்கு பழைய பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டது. இன்றே அதை அடைக்கிறேன்.

ஆனாலும் விதியை வெறுமனே எடுக்காதீர்கள். முதலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வர வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் போலிப் பக்கத்தில் ஏமாந்து அதையும் கொடுத்துவிடுவார்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ, போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது. அப்புறம், புதிய பாஸ்வேர்டு வைக்கும்போதே கசிந்த பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இவை வந்த பிறகு 90 நாளை எடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். நான்கு பேர் பகிரும் கணக்கை மட்டும் விட மாட்டேன். அதில் ஒருவர் வேலையை விட்டால் அன்று மாலைக்குள் மாற்றியாக வேண்டும்.

நளினா:
இந்த வரிசையையே கடிதத்தில் எழுதுகிறேன். பகிர்ந்த கணக்கு விஷயத்தில் நமக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், நான்கு பேருக்கும் தனித்தனிக் கணக்கு கொடுங்கள் என்றே கேட்கப் போகிறேன்.