ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு ஏன் இன்னும் சோதனை?

அத்திமரம்:
ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்களே ஆன ஒரு தம்பிக்காகக் கேட்கிறேன். பழைய இச்சைகள் முன்பைவிட வேகமாக வருகின்றனவாம். ஜெபக்குழுவில் அதைச் சொன்னபோது, "நீ இன்னும் மறுபடியும் பிறக்கவில்லை", அதாவது உன் உள்ளம் இன்னும் புதிதாகவில்லை என்று ஒரு மூத்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இப்போது அவன் ஜெபிக்கவே தயங்குகிறான். அந்த மூத்தவர் சொன்னது சரியா?

கன்மலை:
சொன்ன விதம் கடுமை, விஷயம் சரி. தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யான் என்று 1 யோவான் 3:9 சொல்கிறது. ரோமர் 6-ல் பவுல் ஞானஸ்நானத்தை அடக்கம் என்கிறார். பழைய மனுஷன் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தால், தண்ணீரில் நனைந்தானே தவிர அடக்கம் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். "சோதனை எல்லாருக்கும் சகஜம்" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது அன்பு அல்ல.

மாலைநேரம்:
கன்மலை அண்ணா, சோதிக்கப்படுவதும் பாவம் செய்வதும் ஒன்றா? எபிரெயர் 4:15 படி இயேசுவே எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டவர், ஆனாலும் பாவமில்லாதவர். அந்தத் தம்பிக்கு இச்சை வருகிறது என்றுதானே அத்திமரம் எழுதியிருக்கிறார்? விழுந்தான் என்று எங்கே இருக்கிறது?

அப்புறம், மத்தேயு 3-ஐயும் 4-ஐயும் சேர்த்துப் படியுங்கள். நாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை. யோர்தானில் ஞானஸ்நானம், "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம், அடுத்ததே வனாந்தரம். மாற்கு "உடனே" என்றே எழுதுகிறார். அங்கே பிசாசின் முதல் வார்த்தை என்ன? "நீர் தேவனுடைய குமாரனேயானால்." தண்ணீரண்டை பிதா எதைச் சொன்னாரோ, அதன்மேலேயே சந்தேகத்தைப் போடுகிறான். கற்களை அப்பமாக்கச் சொன்னதெல்லாம் பிறகுதான். அந்த மூத்தவர் தம்பியிடம் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

கன்மலை:
ஒரு விசுவாசியைப் பிசாசோடு ஒப்பிடுவது விவாதம் இல்லை, சகோதரி. உங்கள் உதாரணமும் முழுமையாக இல்லை. இயேசு நாற்பது நாள் உபவாசித்து நின்றார். சோதனைக்காரனுக்குச் சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை. நாம் படுக்கும் முன் இரண்டு நிமிடம் முணுமுணுத்துவிட்டு "ஜெபித்தும் போகவில்லையே" என்கிறோம். 1 கொரிந்தியர் 10-ஐயும் பாருங்கள். மேகத்திலும் சமுத்திரத்திலும் ஞானஸ்நானம் பண்ணப்பட்ட இஸ்ரவேல் ஜனம், வனாந்தரத்தில் இச்சித்து விழுந்து அழிந்தது. பவுல் அதை எச்சரிப்பாகத்தான் எழுதினார்.

மாலைநேரம்:
ஒப்பீடு கடுமைதான், ஆனாலும் அதை நான் திரும்பப் பெறப் போவதில்லை. வசனம் தெரிந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். பிசாசும் அங்கே சங்கீதம் 91-ஐச் சொன்னான். நீங்கள் காட்டிய அதே அதிகாரத்தில், 13-ஆம் வசனத்தில், சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று இருக்கிறது. சோதனையே வராது என்று இல்லை.

மெழுகுவர்த்தி:
கத்தோலிக்கப் பக்கமிருந்து ஒரு வார்த்தை. நான் குழந்தையிலேயே திருமுழுக்கு (நீங்கள் சொல்லும் ஞானஸ்நானம்) பெற்றவன், எனவே "எடுத்தவுடன் எல்லாம் மாறும்" என்ற எதிர்பார்ப்பே எங்களுக்கு இல்லை. 1546-இல் எங்கள் திருச்சபை ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இதைத் தெளிவாகவே சொன்னது: திருமுழுக்குப் பெற்றவரிடமும் தீய நாட்டம் எஞ்சியிருக்கிறது, அது போராடுவதற்காக விடப்பட்டது, இசையாதவருக்கு அது தீங்கு செய்யாது. புனித அகுஸ்தீன் 387-இல் மிலானில் திருமுழுக்குப் பெற்றார். சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின், ஆயராக இருந்தபோது, கனவுகளும் உணவின் சுவையும் மற்றவர்களின் புகழ்ச்சியும் தம்மை இன்னும் இழுப்பதாக எழுதினார். அவரையும் "மறுபடி பிறக்கவில்லை" என்பீர்களா?

கன்மலை:
குழந்தை ஞானஸ்நானத்தை இங்கே கிளற வேண்டாம், அது தனித் திரி. அகுஸ்தீன் அறிக்கையிட்டு அழுதார். இன்றைய ஆள் காரணம் சொல்கிறான். என் பயம் அதுதான்.

மணல்மேடு:
எல்லாரும் வசனமாகவே பேசுகிறீர்கள். எனக்கு ஜெபத்தின்மேலேயே ஒரு கேள்வி. போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்பு முழங்கால்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு "ஆண்டவரே, கண்களைக் காத்தருளும்" என்று கேட்பதில் என்ன அர்த்தம்? முதலில் அதை வேறு அறையில் வைக்கட்டும்.

மாலைநேரம்:
ஓடுவதும் ஜெபமும் எதிரெதிர் இல்லையே. கெத்செமனேயில் இயேசு "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார். பேதுரு தூங்கினார், அந்த இரவே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார். ஆனால் லூக்கா 22:32-ஐப் பாருங்கள். பேதுருவின் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசு முன்னமே வேண்டிக்கொண்டிருந்தார். அந்த வேண்டுதல் விழுகையைத் தடுக்கவில்லை, திரும்பி வருவதற்கு வழியை மூடாமல் வைத்தது. ஜெபித்தால் இச்சையே அற்றுப்போகும் என்று எதிர்பார்க்கிறவன்தான் சீக்கிரம் ஜெபத்தை விடுகிறான்.

கன்மலை:
பேதுரு மனங்கசந்து அழுததையும் சேர்த்துச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். "மறுபடியும் பிறக்கவில்லை" என்று ஒருவனைப் பற்றி வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதும் சரி. ஆனால் அவன் போராடுகிறானா, சமாதானமாகிவிட்டானா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

அத்திமரம்:
போராடுகிறான் அண்ணா. இல்லாவிட்டால் குழுவில் வந்து சொல்லியிருக்கவே மாட்டான். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. சொன்னவனுக்குக் கிடைத்தது அந்த ஒரே வரி. அடுத்த முறை எந்தப் பையன் வாய் திறப்பான்?

கன்மலை:
அவனை நாளை என்னிடம் பேசச் சொல்லுங்கள். 1 யோவான் 3:9 பற்றிய என் நிலை மாறவில்லை, மாலைநேரம். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவும் இல்லை.

மாலைநேரம்:
அதே நிருபம் 1:8, நமக்குப் பாவமில்லையென்றால் நம்மையே வஞ்சிக்கிறோம். இரண்டையும் எழுதியது ஒரே கைதான். அங்கிருந்து தொடங்குவோம்.