அழைப்பு வந்தால் போருக்குப் போவீர்களா?

வேளச்சேரிவாசி (மே 2025)

வணக்கம். இந்தியா-பாகிஸ்தான் பதற்றத்தால் கடந்த 7ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள எங்கள் அலுவலகத்தின் உணவுக்கூடத்தில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. எல்லையைக் கூகுள் வரைபடத்தில் மட்டும் பார்த்திருக்கும் நாங்கள் ஆளுக்கொரு போர்த் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூர்க் கிளையிலிருந்து வந்திருந்த தமிழர் ஒருவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த மாதம் இரண்டு வாரம் தமக்குப் படைப் பயிற்சி இருப்பதால் கூட்டங்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார். அந்நாட்டில் 1967 முதல் கட்டாயப் படைப்பணி நடைமுறையில் உள்ளது; இரண்டாண்டுப் பணியை முடித்தவர்களையும் அதன்பின் பல ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாமாம். பிறகு அவர், "உங்களை அழைத்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

எனக்கு வயது 36; மனைவி, இரண்டு குழந்தைகள், முடியாத வீட்டுக்கடன். நம் நாட்டில் என்னைப் போன்றவனை அழைக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்பது என் முதல் கேள்வி. அழைத்தால் நீங்கள் போவீர்களா என்பது இரண்டாவது. "தாய்நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன்" என்ற ஒற்றை வரி விடைகளை அலுவலகத்திலேயே நிறையக் கேட்டுவிட்டேன்.

பாரிமுனை வழக்கறிஞர்

முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு, அழைக்கப்படும்போது நாட்டைக் காப்பதையும் தேசப் பணி ஆற்றுவதையும் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. ஆனால் 1976இல் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட இக்கடமைகள், தம்மளவில் நீதிமன்றம் வழியாக ஒருவர்மீது நிறைவேற்றத்தக்கவை அல்ல. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆவது பிரிவே, பொது நோக்கங்களுக்காக அரசு கட்டாயப் பணியை விதிக்கலாம் என்றும், அப்போது மதம், இனம், சாதி, வர்க்கம் பார்க்கக் கூடாது என்றும் விதிவிலக்கு அளிக்கிறது. ஆகவே நாடாளுமன்றம் விரும்பினால் சட்டம் இயற்ற வழி இருக்கிறது. எனினும் இன்றுவரை இந்தியாவில் கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய சுமார் 25 லட்சம் இந்தியப் படையினரும் தாமாகச் சேர்ந்தவர்களே.

இம்மாதம் செய்தியில் வந்த பிராந்திய ராணுவ ஆணையைப் பார்த்து என் கட்சிக்காரர்கள் சிலரே பயந்துபோனார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 1949இல் ராஜாஜி தொடங்கிவைத்த அப்படையில் இருப்பவர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டே விரும்பிச் சேர்ந்தவர்கள். அதன் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐப் பணிக்கு அழைக்கத் தளபதிக்கு அதிகாரம் தரப்பட்டதே தவிர, தெருவில் போகிறவரை அழைக்க அல்ல.

உயர் நீதிமன்ற மதிற்சுவரில், முதல் உலகப் போரின்போது 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசியதை நினைவுகூரும் கல்வெட்டு ஒன்று உண்டு. நமக்கு அந்தப் போரில் மிஞ்சியது "அவன் சரியான எம்டன்" என்ற வசவுதான். 1942இல் ஜப்பானியர் வருவதாக அஞ்சியபோது அரசு சென்னைவாசிகளிடம் கேட்டது போருக்கு வா என்றல்ல. ஊரைக் காலி செய் என்று.

மயிலாப்பூர் முதியவர்

கட்டாயம் என்றால் எப்படி இருக்கும் என்பதை நான் சிறிதளவு கண்டவன். சீனப் போருக்குப் பின், 1963 முதல் 1968 வரை கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படை கட்டாயமாக இருந்தது. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் கற்றுக்கொண்டது, பூட்ஸுக்கு மெருகேற்றுவதும், வராத நண்பனுக்காக வேறு குரலில் "யெஸ் சார்" சொல்வதும்தான். பரேடு முடிந்தபின் தரும் பூரிக்காகவே வந்தவர்களும் உண்டு. இப்படித் திரட்டிய படையை நம்பி எந்தத் தளபதியும் போருக்குப் புறப்பட மாட்டார்.

ஆவடி சுபேதார் (ஓய்வு)

நான் மதராஸ் ரெஜிமென்டில் 1985இல் சேர்ந்தேன். வெலிங்டனில் பயிற்சி. வேலூர் மாவட்டத்துக்காரன், எங்கள் பக்கத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தம்பி, உண்மையைச் சொல்கிறேன்: நான் சேர்ந்தபோது நாட்டுக்காகப் போகிறேன் என்று நினைக்கவில்லை. மூன்று தங்கைகள் இருந்தார்கள், மழை இல்லை, மாதச் சம்பளம் வேண்டியிருந்தது. நாட்டுப்பற்று பிறகு, பக்கத்தில் படுத்திருந்தவனால் வந்தது. "போவீர்களா" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும்போது, எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. போவாயா என்பதோடு, எந்தப் போருக்கு என்பதையும் கேட்க வேண்டும். ஆனால் சீருடை போட்டவனுக்கு அதைக் கேட்க உரிமை கிடையாது. 1988இல் என்னை இந்திய அமைதிப் படையில் இலங்கைக்கு, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். தமிழ் தெரிந்தவன் என்று சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். சைக்கிளில் வரும் கிழவரை இறங்கச் சொல்லி, என் தாத்தாவிடம் பேசும் மொழியிலேயே அவரை அதட்ட வேண்டும். ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கள் எந்த ஊர், தம்பி?" என்று கேட்டார். நான் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அமைதிப் படை 1990 மார்ச்சில் சென்னைக்குத் திரும்பியபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க வர மாட்டேன் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி ஒதுங்கிக்கொண்டார். அவர் சொன்னதில் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே இறந்துபோன எங்கள் ஆட்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் செய்த தவறு என்ன என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, லீவில் ஊருக்கு வந்திருந்த எனக்கு உடனே திரும்புமாறு தந்தி வந்தது. ராஜஸ்தான் எல்லையில் பத்து மாதம் மணலில் கிடந்தோம். போர் நடக்கவே இல்லை. அந்தப் பத்து மாதம் என் மனைவி தனியாக நடத்திய குடும்பத்துக்கு யாரும் பதக்கம் தரவில்லை.

வளசரவாக்கம்

சுபேதார் ஐயாவுக்கு வணக்கம். நான் கிளிநொச்சியில் பிறந்தவள். சென்னைக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் சாவடியில் நின்ற காலத்தில் நான் கைக்குழந்தை. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரைச் சொல்லாமல் விட்டதாக நீங்கள் எழுதிய இடத்தை மட்டும் இரண்டு முறை வாசித்தேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகவும் விடை கிடைத்தது. மூத்த அண்ணா ஒருவரையும் கேட்காமல் புலிகள் இயக்கத்துக்குப் போனார்; தலையணைக்குக் கீழே கடிதம் இருந்தது. அவருடைய படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு இருந்தது. அம்மா அழுதாலும், அவன் தானாகப் போனவன் என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் என்றும், பிறகு ஒருவர் போதாது என்றும் ஆனபோது, அதே அம்மாதான் தம்பியை விறகுக்குக் கீழே குழி வெட்டி ஒளித்துவைத்தார். திருமணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற பேச்சை நம்பிப் பதினெட்டு வயதில் அவனுக்கு அவசரமாகப் பெண் பார்த்தார். அதற்குள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். 2009க்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

போராட்டம் பிழை என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரே வீடு, ஒரே மண், ஒரே எதிரி. அப்படியிருந்தும், போனவனை நினைக்கும் விதமும் கொண்டுபோகப்பட்டவனை நினைக்கும் விதமும் ஒன்றாக இல்லை. அம்மா இன்றைக்கும் அண்ணாவுக்கு மட்டும்தான் விளக்கேற்றுகிறார். தம்பிக்கு ஏற்றச் சம்மதிக்கவில்லை.

வேளச்சேரிவாசி

அனைவருக்கும் நன்றி. அக்கா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கட்டாயமாக அழைத்தால் போவேனா என்பதற்கு என்னிடம் இன்னும் நேர்மையான விடை இல்லை. சிறைக்குப் பயந்து போவேன் என்றுதான் தோன்றுகிறது. அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வழக்கறிஞர் சொன்ன பிராந்திய ராணுவத்தைப் பற்றி நேற்றிரவு மனைவியோடு பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுவரை ஏன் தோன்றவில்லை?" என்பது. சுபேதார் ஐயா, என்னைப் போன்றவர்கள் அதில் சேர முடியுமா?

ஆவடி சுபேதார் (ஓய்வு)

அதிகாரியாகச் சேர 42 வயது வரை விண்ணப்பிக்கலாம். பட்டமும் வருமானமுள்ள வேலையும் வேண்டும். எழுத்துத் தேர்வு உங்களுக்குச் சிரமமாக இருக்காது. கணினி முன் பதினைந்து ஆண்டு உட்கார்ந்த உடம்பு வேறு கதை. நாளைக் காலை ஐந்தரைக்கு மெரினாவுக்கு வந்து, கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை நிற்காமல் ஓடிப் பாருங்கள். ஓடி முடித்த பிறகும் விருப்பம் இருந்தால் இங்கே எழுதுங்கள். படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்கிறேன்.