யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2: டவுன்லோட் பண்ண பஸ் மாட் கேம்ல எங்கயுமே வரல, யாராச்சும் சொல்லுங்க

திருச்செங்கோட்டான்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். மூணு நாளா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், முடியல, அதான் இங்க வந்து கேக்கறேன். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2ன்னு லாரி ஓட்டற கம்ப்யூட்டர் கேம், ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல காசு குடுத்து வாங்குனதுதான், கிராக் பண்ண திருட்டு காப்பி இல்லீங்க. போன வாரம் நம்மூர் கவர்மெண்ட் பஸ் மாட் (கேம்ல இல்லாதத வெளிய யாராச்சும் செஞ்சு தர்ற ஃபைல்) ஒண்ணு வீடியோல பாத்தேன், பச்சை பாடி, முன்னாடி ஊர் பேர் எழுதுன போர்டு, கண்ணாடிக்குள்ள எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து தொங்க விட்டிருக்காங்க, ஸ்டியரிங் கூட வலது பக்கம். பாத்த உடனே எங்கப்பாவுக்கு காட்டணும்னு ஆசை வந்துருச்சு. அப்பா 20 வருஷத்துக்கு மேல லாரி ஓட்டறாரு, அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் டெம்பரவரியா பஸ்ஸும் ஓட்டியிருக்காரு. வெள்ளிக்கிழமை லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வர்றாரு, ரெண்டு நாள் இருப்பாரு, அதுக்குள்ள ரெடி பண்ணிடணும்.

நான் என்ன பண்ணேன்னா, மாட் ஃபைல டவுன்லோட் பண்ணி, வீடியோல சொன்ன மாதிரி சி டிரைவ், யூசர்ஸ், என் பேரு, டாகுமெண்ட்ஸ் வரைக்கும் போனேன். அங்க கேம் பேர்ல ஃபோல்டர் இல்ல. சரின்னு நானே 'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2'ன்னு ஒண்ணு போட்டு அதுக்குள்ள 'மாட்'னு இன்னொண்ணு போட்டு ஃபைல பேஸ்ட் பண்ணேன். ஸ்பெல்லிங்லாம் இங்கிலீஷ்ல கரெக்டா தான் போட்டேன், நாலு தடவ செக் பண்ணிட்டேன். கேம் ஓப்பன் பண்ணி மாட் மேனேஜர் போனா இடது பக்கம் லிஸ்ட் காலியா இருக்குது. வேற சைட்ல இருந்து மறுபடி டவுன்லோட் பண்ணி பாத்தேன், லேப்டாப்ப ரீஸ்டார்ட் பண்ணேன், ஒண்ணும் ஆகல. விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சைடு_மிரர்:

ப்ரோ கேம அன்இன்ஸ்டால் பண்ணிட்டு புதுசா போடுங்க, எனக்கு ஒரு தடவ அப்படித்தான் சரியாச்சு. இல்லன்னா ஸ்டீம்ல கேம் ஃபைல்ஸ் வெரிஃபை குடுத்து பாருங்க.

ஆறாவது_கியர்:

தம்பி அன்இன்ஸ்டால் எல்லாம் பண்ணிடாதீங்க, பேண்ட்வித் வேஸ்ட், நாள் முழுக்க டவுன்லோட் ஓடும், கடைசில இதே இடத்துல வந்து நிப்பீங்க. வெரிஃபை குடுத்தா ஸ்டீம் தான் போட்ட ஃபைல் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்கும், அவ்ளோதான். நாம வெளிய இருந்து போடற மாட் இருக்கறது டாகுமெண்ட்ஸ் பக்கம், அத ஸ்டீம் தொடவே தொடாது. கேம் வேற வீடு, மாட் வேற வீடு.

உங்க போஸ்ட்ல ஒரே ஒரு வரிதான் எனக்கு உறுத்துச்சு, ஃபோல்டர் இல்ல, நானே போட்டேன்னு சொன்னீங்களே அது. அந்த ஃபோல்டர் இல்லாம இருக்க வாய்ப்பே இல்ல. கேம ஒரு தடவ ஓப்பன் பண்ணாலே அது தானா டாகுமெண்ட்ஸ்ல தன் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டுக்கும், அதுக்குள்ள கேம்.லாக்.டிஎக்ஸ்டி (ஒவ்வொரு தடவ ஓடறப்பவும் கேம் எழுதற குறிப்பு), கான்ஃபிக்.சிஎஃப்ஜி, நம்ம சேவ் இருக்கற ப்ரொஃபைல்ஸ் ஃபோல்டர் எல்லாம் வச்சுக்கும். நீங்க இத்தன நாள் விளையாடி இருக்கீங்க, அப்ப அது எங்கயோ இருக்கு, நீங்க தேடுன டாகுமெண்ட்ஸ்ல இல்ல. அப்படின்னா உங்க லேப்டாப்ல டாகுமெண்ட்ஸ் ரெண்டு இருக்குன்னு அர்த்தம்.

கிளவுட் பேக்கப் எதாச்சும் ஆன்ல இருக்கா? ஸ்க்ரீன்ல எப்பயாச்சும் "உங்க ஃபைல்ஸ பத்திரமா வச்சுக்கலாமா"ங்கற மாதிரி கேட்டு நீங்க ஓகே குடுத்திருந்தா, டாகுமெண்ட்ஸ் ஃபோல்டர் அப்படியே கிளவுட் ஃபோல்டருக்குள்ள இடம் மாறிடும். பழைய பாதை பேருக்கு அங்கயே இருக்கும். வீடியோல பழைய பாதைய சொல்றாங்க, நீங்க அத டைப் பண்ணி போறீங்க, கேமோ விண்டோஸ்கிட்ட கேட்டுட்டு புது இடத்துக்கு போகுது. ரெண்டு பேரும் சந்திக்கவே மாட்டீங்க.

ஒரு வேல பண்ணுங்க. கேம ஒரு தடவ ஓப்பன் பண்ணி மெனு வந்ததும் க்ளோஸ் பண்ணிடுங்க. அப்புறம் சி டிரைவ்ல கேம்.லாக்.டிஎக்ஸ்டின்னு சர்ச் போடுங்க (இங்கிலீஷ்லதான்), டேட் மாடிஃபைட்ல இப்ப இருக்கற நேரம் எந்த ஃபைல்ல இருக்கோ அது இருக்கற ஃபோல்டர் தான் கேம் உண்மையா படிக்கற இடம். அங்க மாட் ஃபோல்டர் இருந்தா அதுல போடுங்க, இல்லன்னா அங்க போய் ஒண்ணு போடுங்க. வெளிய எவ்ளோ வீடியோ பாத்தாலும் இந்த ஒரு லாக் ஃபைல் சொல்றது தான் கடைசி வார்த்த.

திருச்செங்கோட்டான்:

அண்ணா கையெடுத்து கும்பிடறேன். நீங்க சொன்ன மாதிரியே தானுங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இடம் பத்தலன்னு காட்டுச்சு, பேக்கப் ஆன் பண்ணட்டான்னு கேட்டுச்சு, நானும் படிக்காம ஓகே குடுத்துட்டேன். சர்ச் போட்டா கிளவுட் ஃபோல்டருக்குள்ள இன்னொரு டாகுமெண்ட்ஸ், அதுக்குள்ள கேம் ஃபோல்டர், லாக் ஃபைல் டைம் ராத்திரி 9.42, நான் கேம மூடுன நேரமே தான். பாத்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனா ஃபைல அங்க மாத்தி போட்ட பொறவும் மாட் மேனேஜர்ல பஸ் வர மாட்டேங்குது. ஃபைல் பேரு கடைசில இந்த கேம் மாட்டுக்கு வர்ற எஸ்சிஎஸ்னு தான் முடியுது, ஐகான் மட்டும் ஜிப் போட்ட மஞ்ச ஃபோல்டர் மாதிரி இருக்குது. அது அப்படித்தான் இருக்குமாங்க?

ஆறாவது_கியர்:

இல்ல, அப்படி இருக்காது, மாட்டிகிச்சு இப்ப. எக்ஸ்ப்ளோரர்ல மேல வியூ, அதுல ஷோ, அதுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்கும், டிக் போடுங்க. உங்க ஃபைல் பேரு எஸ்சிஎஸ்ல முடியாம எஸ்சிஎஸ்.ஜிப்னு முடியும் பாருங்க. கடைசி வால விண்டோஸ் மறச்சு வச்சிருக்கும், அதனால நாம பாக்கறப்ப சரியா இருக்கற மாதிரியே தெரியும்.

இதுல ஒரு குழப்பம் வேற இருக்கு, அதையும் சொல்லிடறேன். இந்த கேம் எஸ்சிஎஸ்ஸையும் எடுத்துக்கும், ஜிப்பையும் எடுத்துக்கும். ஆனா ஜிப்ப தொறந்த உடனே மாட்டோட சொந்த சாமான்கள், அதாவது டெஃப், வெஹிக்கிள் மாதிரி ஃபோல்டர்கள் நேரா இருக்கணும். உங்களுது டப்பாக்குள்ள டப்பா, ஜிப்புக்குள்ள எஸ்சிஎஸ். கேம் வெளி டப்பாவ தொறந்து பாக்குது, உள்ள தனக்கு தெரிஞ்சது ஒண்ணும் இல்ல, போயிடுது. பேர மாத்துனா போதும்னு நெனச்சு ஜிப்ப அழிச்சு எஸ்சிஎஸ் ஆக்கிடாதீங்க, நெறைய பேர் பண்ற தப்பு அது, பேர் மாத்துனா டப்பா பிரியாது. ரைட் க்ளிக், எக்ஸ்ட்ராக்ட் ஆல் குடுத்து உள்ள இருக்கற எஸ்சிஎஸ்ஸ வெளிய எடுத்து மாட் ஃபோல்டர்ல நேரா வைங்க, இன்னொரு சப்ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வேணாம்.

கிளவுட் ஃபோல்டர்ல இருக்கறதால இன்னொண்ணு. ஃபைல் பக்கத்துல மேகம் படம் இருந்தா அது ஆன்லைன்ல தான் இருக்கு, உங்க டிஸ்க்ல இல்ல. ரைட் க்ளிக் பண்ணி எப்பவும் இந்த டிவைஸ்லயே வச்சுக்கன்னு குடுத்துட்டு பச்சை டிக் வர்ற வரைக்கும் காத்திருங்க.

மதுர_ஹைவே:

அண்ணா சந்தடி சாக்குல நானும் கேட்டுக்கறேன். ஸ்காண்டிநேவியா டிஎல்சி (கேமுக்கு தனியா காசு குடுத்து வாங்கற எக்ஸ்ட்ரா மேப்) வாங்குனேன், மேப்ல ஸ்வீடன் பக்கமே போக முடியல. இதுவும் டாகுமெண்ட்ஸ் பிரச்சனையா?

ஆறாவது_கியர்:

மதுர, உங்களுது வேற. டிஎல்சி ஸ்டீம் மூலமா வர்றது, அது கேம் இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்லயே போய் உக்காரும், டாகுமெண்ட்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஸ்டீம் லைப்ரரில கேம் மேல ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஎல்சி. அங்க ஸ்காண்டிநேவியா பேர் இருக்கா, டிக் இருக்கான்னு பாருங்க. பேர் இருந்து டிக் இல்லன்னா டிக் போடுங்க, டவுன்லோட் ஆகும். சைடு மிரர் சொன்ன வெரிஃபை உங்களுக்கு தான் உதவும், பாதி எறங்கி நின்ன டிஎல்சிய அது சரி பண்ணும். பேரே இல்லன்னா வாங்குன அக்கவுண்ட் ஒண்ணு, விளையாடற அக்கவுண்ட் ஒண்ணா இருக்கும். வீட்ல அண்ணன் தம்பி ஒரே கம்ப்யூட்டர் யூஸ் பண்றப்ப இது ரொம்ப சகஜம்.

எல்லாம் சரியா இருந்தும் வரலன்னா, மேப்ல கடல் இருக்குங்கறத மறந்துடாதீங்க. ஜெர்மனில ராஸ்டாக் இல்லன்னா ட்ராவமுண்டே போய் ஃபெர்ரி ஏறுனா ஸ்வீடன் போயிடலாம். நான் 2015ல அது வந்த புதுசுல இத தெரியாம ரொம்ப நேரம் சுத்துனேன்.

மதுர_ஹைவே:

அக்கவுண்ட் தான்னா!!! தம்பி அக்கவுண்ட்ல இருந்து வாங்கியிருக்கேன். நன்றிண்ணா.

லோட்_ஆர்டர்_லக்ஷ்மி:

திருச்செங்கோட்டான் தம்பி, எக்ஸ்ட்ராக்ட் பண்ணிட்டு மாட் மேனேஜர்ல பேர் வந்ததும் முடிஞ்சுதுன்னு நெனச்சுடாதீங்க, அடுத்து எங்க மாட்டுவீங்கன்னு எனக்கு தெரியும், நான் மாட்டிருக்கேன். இடது பக்கம் பேர் வர்றது மாட் இருக்குன்னு மட்டும் தான் சொல்லுது. அத டபுள் க்ளிக் பண்ணி வலது பக்கத்துக்கு கொண்டு போகணும், கீழ கன்ஃபர்ம் குடுக்கணும். இது ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனி, ஒரு ப்ரொஃபைல்ல ஆன் பண்ணது இன்னொண்ணுல வராது. நான் புது ப்ரொஃபைல் போட்டுட்டு மாட் எல்லாம் போச்சேன்னு ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்திருந்தேன்.

வலது பக்கம் வரிசையும் முக்கியம், மேல இருக்கறது கீழ இருக்கறத மூடும். பஸ் மாட் சிலது ரெண்டு ஃபைலா வரும், வண்டி ஒண்ணு, பெயிண்ட் ஒண்ணு. பெயிண்ட மட்டும் போட்டா ஒண்ணுமே தெரியாது, பூசறதுக்கு வண்டி வேணும்ல. ரெண்டும் இருந்தா பெயிண்ட மேல வைங்க.

வெர்ஷனையும் பாத்துக்கோங்க. மாட் எந்த வெர்ஷனுக்கு செஞ்சதுன்னு டவுன்லோட் பேஜ்ல போட்டிருப்பாங்க. 2021ல 1.40 வந்தப்ப லைட்டிங்கயே மாத்துனாங்க, அதுக்கு முன்னாடி செஞ்ச வண்டிங்க பலது அதுக்கு அப்புறம் ஒழுங்கா வரல. பழைய மாட் தான் வேணும்னா ஸ்டீம் ப்ராப்பர்ட்டீஸ்ல பீட்டாஸ் போனா பழைய கேம் வெர்ஷன் சிலத எடுத்துக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ப்ரொஃபைல் ஃபோல்டர காப்பி எடுத்து வேற எடத்துல வச்சுருங்க. மாட் சோதிக்கறதுக்குன்னு தனியா ஒரு ப்ரொஃபைல் வச்சுக்கறது இன்னும் நல்லது, பல நூறு மணி நேரம் ஓட்டி சேத்த கம்பெனி ஒரு மாட்டால போனா மனசு தாங்காது, நெஜமாவே சொல்றேன்.

திருச்செங்கோட்டான்:

அக்கா, அண்ணா, வந்துருச்சுங்க!! எக்ஸ்ட்ராக்ட் பண்ணதும் லிஸ்ட்ல பேரும் பஸ் படமும் வந்துச்சு, டபுள் க்ளிக் பண்ணி கன்ஃபர்ம் குடுத்தேன், புது ப்ரொஃபைல்ல தான். ஒரே ஒரு டவுட், ட்ரக் டீலர்ல போய் ஸ்கேனியா வோல்வோ மேன் எல்லாம் பாத்துட்டேன், பஸ்ஸ காணோம். மறுபடி முதல்ல இருந்தான்னு பயமா இருக்குது.

லோட்_ஆர்டர்_லக்ஷ்மி:

பயப்படாதீங்க, கடைசி படி இது. வண்டி வாங்கற ஸ்க்ரீன்ல கம்பெனி லோகோ வரிசையில மாட் வண்டிக்குன்னு தனியா ஒரு டீலர் இருக்கும், அங்க தொறந்து பாருங்க. அங்கயும் இல்லன்னா டவுன்லோட்ல கூடவே வந்த டெக்ஸ்ட் ஃபைல்ல எந்த டீலர்னு எழுதியிருப்பாங்க, யாரும் அத படிக்கறதில்ல. புது ப்ரொஃபைல்ங்கறதால லெவல் பத்தாம பூட்டு போட்டும் இருக்கலாம், காசும் இருக்காது, பேங்க்ல லோன் போட்டுக்கோங்க.

திருச்செங்கோட்டான்:

மாட் டீலர்லயே இருந்துச்சுங்க அக்கா. லோன் போட்டு வாங்கிட்டேன்.

அப்பா நேத்து ராத்திரி வந்தாரு, சாப்பிட்டு முடிச்சதும் லேப்டாப்ப முன்னாடி வச்சேன். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கறதால யூகேல எடுத்தேன், அங்க நம்மூர் மாதிரி லெஃப்ட்ல தான போறாங்க, டோவர்ல இருந்து லண்டன். இன்ஜின் ஆன் பண்ணி நான் உடனே ஸ்பேஸ் பார தட்டி ஹேண்ட்பிரேக்க எடுக்கப் போனேன், என் கைய பிடிச்சு, ஏர் ஏறட்டும்டா, அதுக்குள்ள என்ன அவசரம்னாரு. ரெண்டு பேரும் டேஷ்போர்டுல பிரேக்குக்கு காத்து ஏறற மீட்டரையே பாத்துட்டு உக்காந்திருந்தோம். அப்புறம் லண்டன் வரைக்கும் அவரேதான் ஓட்டுனாரு, என்கிட்ட குடுக்கவே இல்ல.

இப்ப ஹார்ன் சரியில்லைங்கறாரு. ஏர் ஹார்ன் மாட்டுக்கும் இதே ஃபோல்டர் தானுங்களா? அதையும் எக்ஸ்டென்ஷன் பாத்துட்டு தான் போடுவேன்.

ஆறாவது_கியர்:

அதே ஃபோல்டர் தான். சவுண்ட் மாட்ட பஸ்ஸுக்கு மேல வைங்க, கீழ வச்சா பஸ்ஸோட சொந்த ஹார்ன் தான் கேக்கும். எந்த வண்டிக்கு செஞ்ச சவுண்ட்னு மட்டும் பாத்துட்டு எறக்குங்க, வேற வண்டிக்கு செஞ்சதுன்னா ஆன் ஆகும் ஆனா சத்தம் மாறாது. அப்பாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க.