கூந்தல் பனை விதையில் வால் மட்டும் வருது, இலை வரலை – உதவி வேணும்

கேள்வி (ஏற்காடு)
வணக்கம்ங்க. காபிக்கு நடுவுல வைக்கலாம்னு கூந்தல் பனை விதை 200 ட்ரேயில போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. ட்ரே ஆழம் 2 இன்ச், முழுக்க தேங்காய் நார்க்கழிவு. 30 விதையில வெள்ளையா வால் மாதிரி வந்திருக்கு. அதுல நாலஞ்சுக்கு நுனி பழுப்பாயிடுச்சு. முளைக்காத விதை ஒண்ணை வெட்டினா உள்ளே பழுப்புக் கோடா ஓடுது. எல்லாம் அழுகிடுச்சா?

பதில் (வாழப்பாடி)
கோடு அழுகல் இல்லைங்க. கொட்டைப்பாக்கை வெட்டினா வரி ஓடுமே, இதுவும் அப்படித்தான். கத்தி இறங்காம கல்லு மாதிரி இருந்தா நல்ல விதை. கொழகொழன்னு புளிச்ச வாடை அடிச்சாத்தான் போச்சு.

தப்பு ட்ரேயில இருக்கு. பனங்கிழங்கை நெனச்சுப் பாருங்க. கொட்டை மேலேயே கிடக்கும், குழாய் மாதிரி ஒண்ணு கீழே இறங்கி, அதோட நுனியிலதான் வேரும் குருத்தும் கிளம்பும். கூந்தல் பனைக்கும் அதே முளைப்புதான். 2 இன்ச்ல அடி தட்டி மடங்குது, அடியில தேங்குற ஈரத்துல நுனி அழுகுது.

அந்த 30ஐயும் 6க்கு 12 இன்ச் பைக்கு மாத்துங்க. செம்மண் 2 பங்கு, மணல் 1, நல்லா மக்கின தொழு உரம் 1. காபித் தோலை மக்காம கலந்துடாதீங்க, சூடேறி வேரைப் பொசுக்கிடும். குச்சியால குழி போட்டு வாலைக் கீழே விட்டு, விதை மேல அரை இன்ச் மண் போதும். மடங்கின வாலை நிமிர்த்தப் போனா முறிஞ்சிடும், வளைவு கொள்ற அளவுக்குக் குழியை அகலமாக்குங்க. விதையைப் பிச்சு எடுக்காதீங்க, கன்னுக்குச் சாப்பாடே அதுலதான்.

கேள்வி கேட்டவர்
ட்ரேயைக் கவுத்துப் பாத்தேன்ண்ணா. ரெண்டு வால் தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சு மேல பாத்து நிக்குது. மீதி 170 விதை?

பதில் (வாழப்பாடி)
ஒரு அடி ஆழ மணல் பாத்தியில போட்டு மேல பாலித்தீன் மூடுங்க. மார்கழி, தை ராத்திரிக் குளிர்ல முளைப்பு நின்ன மாதிரியே இருக்கும், வெயில் ஏறினா கிளம்பும். அடுத்த தடவை பழம் சிவந்ததும் தோலை நீக்கி, காயவிடாம விதைங்க. அந்தச் சதை கையில பட்டா அரிப்பு தாங்காது, ரப்பர் கையுறை இல்லாம தொடாதீங்க.

பதில் (சேலம், நர்சரி)
முதல் இலை ரெண்டாப் பிளந்து, நுனி கடிச்சு வச்ச மாதிரி வரும். வேற கன்னுன்னு பிடுங்கிடாதீங்க. 50 சதவீத நிழல் வலை போதும், நடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா விலக்குங்க. நாலஞ்சு இலை வந்த கன்னை ஆடி மழையில ரெண்டடிக் குழியில வைங்க, குருத்து மண்ணுக்குள்ள போகக்கூடாது.

கேள்வி கேட்டவர்
இதுல ஜவ்வரிசி மாவு எடுக்க முடியுமா? பக்கக்கன்னு வருமா?

பதில் (சேலம், நர்சரி)
நம்ம ஊரு ஜவ்வரிசி மரவள்ளிங்க. பழைய சாகோ, நியூ கினி பக்கம் சதுப்புல வளர்ற வேற பனையில இருந்து எடுக்கிறது, அது பக்கக்கன்னு விடும். கூந்தல் பனை ஒத்தை மரம், வெட்டினா அதோட முடிஞ்சுது. மாவு தண்டுல இருக்கும், ஆனா பூக்கிறதுக்கு முன்னாடி வெட்டணும். பூங்குலை உச்சியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கீழே இறங்கும், அதுக்குள்ள தண்டு மாவெல்லாம் செலவாயிடும். கடைசிக் குலை பழுத்ததும் மரமும் பட்டுடும். அதனால 200ஐயும் ஒரே வருஷத்துல நடாதீங்க, பிரிச்சு நடுங்க.